கிணற்றில் சரிபாதி

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் ஏழு பேர். நிலத்தை விற்ற செல்லமுத்து. அவருடைய தம்பி தங்கராசு. தங்கராசுவின் மனைவி மலர்க்கொடி. செல்லமுத்துவின் இளைய மகள் கயல்விழி. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மனைப் பொருளியலும் மேம்பாடும் படித்துக்கொண்டிருந்தவள். நிலத்தை வாங்கிய திருச்சி நிறுவனத்தின் மேனேஜர். பொக்லைன் ஓட்டி வந்தவர். அவர் கடைசிவரை வண்டியை விட்டு இறங்கவில்லை. ஏழாவது ஆள் நான், தரகன். கயலின் அம்மா வரவில்லை. அந்த இடத்தை இனிமேல் பார்க்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்குச் சிறுவாச்சூரில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், நானும் அங்கேதான் நின்றேன் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் திமிர் என்கிறார் ஒருவர். சித்தப்பன் ஏதோ மருந்து வைத்துவிட்டான் என்கிறார் இன்னொருவர். இவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் எல்லாம் கயல் படித்த அந்தப் படிப்பையே படித்து முடித்துவிட்டு, பெரம்பலூரிலும் அரியலூரிலும் மனை ஆபீசுகளில் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, தொழிலில் தெரிந்துகொண்டதை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றார். உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயித்த கதைகளைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் மனதில் ஓடிக்கொண்டே இருப்பது இந்த ஒன்றுதான். இதற்குப் பிறகு நான் எந்த நிலத்தையும் யாருக்கும் காட்டவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் எட்டாவதோடு நின்றவன். முழுப் பரீட்சைக்குப் போய், ஹாலுக்கு வெளியே நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்தவன், அப்புறம் அந்தப் பக்கம் போகவேயில்லை. பயம் எனக்குக் கூடப் பிறந்தது. பஸ் ஏறிய பிறகு வீட்டைப் பூட்டினோமா என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். பத்திரம் பதிகிற நாளில் பார்ட்டிக்கு முன்னால் போய் நின்று, மழை வருமோ, கரண்ட் போகுமோ, சாட்சிக்காரருக்குக் காய்ச்சல் வருமோ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தப் பயத்தோடு இந்தத் தொழிலில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கலாம். பயந்த ஆளைத்தான் ஜனங்கள் நம்பினார்கள். இவன் ஏமாற்றுவதற்குக்கூடப் பயப்படுவான் என்று நினைத்திருப்பார்கள்.

செல்லமுத்துவுக்குச் சிறுவாச்சூர்ப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஏக்கர். பக்கத்திலேயே தம்பி தங்கராசுவுக்கு ஒரு ஏக்கர். இரண்டுக்கும் ஒரே கிணறு. கிணறு இருந்தது அண்ணன் நிலத்தில். உரிமை இருவருக்கும் சரிபாதி. அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. செல்லமுத்துவின் மூத்த பெண் கல்யாணப் பத்திரிகையில் தங்கராசு பேரைத் தாய்மாமன் பேருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். அதோடு பேச்சு நின்றுபோனது.

ஆனால் கிணறு நிற்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. பேசாமல் முறையை எப்படி நடத்துவது? மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு சிமெண்ட் மேடை உண்டு. தன் முறை முடிந்ததும், ஒரு குண்டுக் கல்லை எடுத்து எதிராளி பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். கல் எந்தப் பக்கம் இருக்கிறதோ தண்ணீர் அந்தப் பக்கம். சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் இந்த வட்டாரத்தில் ஏதாவது இப்படி ஒன்று வைத்திருப்பார்கள். அந்தக் கல்லை வைத்து ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

கயல் பெரம்பலூரில் பொருளாதாரம் படித்து, பிறகு சென்னையில் இந்த மேல்படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடப் பணத்துக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மூத்த பெண் கல்யாணக் கடன் அப்படியே இருந்தது. இந்த நேரத்தில்தான் திருச்சிக்காரர்கள் வந்தார்கள். பின்னால் இருந்த நாலு ஏக்கரை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். ரோட்டுப் பக்கம் வருவதற்குச் செல்லமுத்துவின் ஏக்கர் வேண்டும். மொத்தமாகப் பதினாறு லட்சம், ஒரே தவணை, பதியும் அன்றே கையில் என்றார்கள். நான் அதை முடித்துவிடலாம் என்றேன்.

கயல் லீவுக்கு வந்திருந்தாள். தட்டில் வைத்த தோசையைத் தொடாமல் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினாள். சொந்தம் இல்லை, பழக்கத்தில் என்னைப் பெரியப்பா என்பாள்.

"பெரியப்பா, நெலம் என்ன வெலைன்னு பக்கத்துக் காட்டுக்காரரக் கேக்கக் கூடாது. அவரு இத மனையாப் போட்டு வித்தா மொத்தமா என்ன கெடைக்கும்னு பாக்கணும். அதுல ரோடு, பூங்கா, செலவு, வட்டி, அவரு லாபம் எல்லாத்தயும் கழிக்கணும். கழிச்சா மிச்சம் ஒண்ணு நிக்குமே, அதுதான் இந்த நெலத்தோட வெலை."

செல்லமுத்து வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சமா? அப்ப அங்கயும் நாமதான் கடைசிப் பந்தியா?"

எல்லாரும் சிரித்தோம். கயலும் சிரித்தாள். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. அவள் வெறும் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசவில்லை. இங்கே கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் காட்டித்தான் மனை விற்பார்கள் என்று தெரிந்து, செவ்வாய்க்கிழமை போய் விலை விசாரித்திருந்தாள். வெள்ளிக்கிழமை விலையில் இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். எல்லாம் கழித்த பிறகும் அவர்களால் இருபத்து நாலு வரை கொடுக்க முடியும் என்றாள். முதல் வருட மாணவி. அவளுடைய பேராசிரியர் அந்தக் கணக்கை வகுப்பில் எடுத்துக் காட்டினாராம்.

திருச்சி ஆபீசில் பேச்சு நடந்தபோது மேனேஜர் அவளைப் பார்த்து, இந்தப் பொண்ணுக்கு நாங்களே வேலை தரோம் என்றார். இருபத்து மூன்றுக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் பதியும் அன்று ஒன்பது. மீதி பதினாலு, இந்த நிலத்துக்கு மனை அப்ரூவல் வந்ததும். தவணையாகக் கொடுப்பது பெரிய ஊர்களில் நடக்கிற முறைதான் என்றாள் கயல். இந்த நிலத்துக்கு அப்ரூவல் வந்த பதினைந்தாம் நாள் என்று தனி ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் அவள்தான். தேதி சொல்லாமல் விடக் கூடாது என்று அவள் படித்திருந்தாள்.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். திரும்பி வரும் வழியில், பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். பதிந்த பிறகு பாக்கி என்று ஒன்று இருந்தால் அது நம் கையில் இல்லை. பத்திரத்தில் முழுப் பணமும் பெற்றுக்கொண்டதாகத்தான் எழுதுவார்கள். இரண்டாவது, கிணறு. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி?

"பேசறதில்லன்னு தெரியாதாண்ணே ஒங்களுக்கு?" என்றார் செல்லமுத்து.

"நான் பேசிக்கறேன் பெரியப்பா," என்றாள் கயல். "சித்தப்பா நான் கேட்டு இல்லன்னு சொல்லவே மாட்டாரு."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏன் முடிந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதே பயணத்தில் நான் வேறு என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா? மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த மீன் தொட்டி உடைந்துவிடும் போலிருக்கிறது என்றேன். ஆடி மாதத்தில் கையெழுத்து ஆகாது என்றேன். டிரைவர் தூங்குகிறார் என்றேன். செல்லமுத்து மகளிடம், அண்ணன் சொந்த நிழலப் பாத்தாலும் ரெண்டடி தள்ளி நிப்பாரு என்று சொல்லிச் சிரித்தார். நியாயம்தான். பத்துப் பயத்தில் எட்டு வெறும் பயம். அந்த எட்டையும் வெளியே சொல்லிவிட்டவனுடைய மீதி இரண்டு எப்படிக் காதில் ஏறும்? பயந்த சுபாவம் உள்ளவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இந்தத் தொழிலுக்கு அது கெடுதல் இல்லை. ஆனால் மீன் தொட்டியைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

கயல் சித்தப்பாவிடம் பேசுவதற்கு முன்பே பத்திரம் பதிந்தது. ஒன்பது லட்சம் வந்த வழியில் போனது: நகை, கல்யாணக் கடன், கை மாற்று. நாலு மாதத்தில் அப்ரூவல் என்றார்கள். இரண்டாம் வருடப் பணம் கட்டுவதற்குள் பதினாலு வந்துவிடும் என்று கயல் அதையும் கணக்கில் போட்டிருந்தாள்.

நாலு மாதம் போனது. இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. வகுப்பில் உட்கார விட்டார்கள். பணம் கட்டாமல் பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியில் கேட்டால், நடுவில் ஒரு கிணறு நிற்கிறது, அதில் வேறு ஆளுக்குப் பாதி இருக்கிறது, அந்த ஆள் எழுதிக் கொடுக்காமல் அப்ரூவல் எப்படி வரும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். வரைபடத்தில் கிணற்றின் மேல்தான் ரோடு போனது. தங்கராசுவின் பாதிக்கு ஒரு லட்சமும், அவர் காட்டில் ஒரு போர்வெல்லும் போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

கயல் சென்னையிலிருந்து வந்தாள். பணம் கட்டுவதற்குச் சொன்ன கெடு முடிய மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் கிணற்றடியில் கூடினோம்.

மேனேஜர் பொக்லைனைக் கூட்டி வந்திருந்தார். சும்மா முள்ளை வழிக்கத்தான் என்றார். அது கிணற்றைப் பார்த்தபடி நின்றது. வாடகை ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் காரின் பானெட் மேல் இரண்டு காகிதங்களை வைத்து, காற்றில் பறக்காமல் செல்போனை மேலே வைத்தார். ஒன்று, தங்கராசு தன் பாதி உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதியது. இன்னொன்று பதினாலு லட்சத்துக்குச் செக். தேதி அன்றைய தேதி. நான் இரண்டு தரம் பார்த்தேன்.

"இவரு கையெழுத்துப் போட்டா, இத இப்பவே உங்க கைல குடுத்துட்டுப் போயிடுவேன்," என்றார் மேனேஜர்.

அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இருவரும் என்னிடம்தான் பேசினார்கள். போர் எங்கே போடுவார்களாம், கேட்டுச் சொல்லுங்கண்ணே என்பார் தங்கராசு. அவன் எங்க கேக்கறானோ அங்கன்னு சொல்லுங்கண்ணே என்பார் செல்லமுத்து. மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மலர்க்கொடிதான் நேராகப் பேசினாள். வரப்பில் நின்றபடி, பின்னால் இருந்த சின்ன வெங்காயப் பயிரைக் கையால் காட்டி, "போருல தண்ணி வரலன்னா இதுக்கு எத ஊத்தறது?" என்று கேட்டாள்.

வரும்மா, பாயிண்ட் பார்த்துத்தான் போடுவோம் என்றார் மேனேஜர்.

"மேலக்காட்டுலயும் பாயிண்ட் பாத்துதாங்க போட்டாங்க. எண்ணூறு அடி. புழுதிதான் வந்துச்சு. அந்தப் புழுதிய அள்ளித்தான் அவுங்க மூஞ்சில அப்பிக்கிட்டாங்க."

தங்கராசு கையை நீட்டி அவளை நிறுத்தினார். கயலைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போன ஆள். "பாப்பா, நீ சொல்லு. போடுன்னா போடறேன். ஒங்கப்பனுக்காக இல்ல. நீ படிக்கணும்."

அவள் சொன்னது சரியாகிவிட்டது பாருங்கள். சித்தப்பா இல்லை என்று சொல்லவில்லை. மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார்.

கயல் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தாள். வெயிலுக்கு ஒதுங்குகிறாள் என்று நினைத்தேன். வாசலில் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்.

"கல்லு ஏன் சித்தப்பா எங்க பக்கம் இருக்கு?"

"இன்னைக்கு ஒங்க மொறதானே."

"நாங்க வித்துட்டோமே சித்தப்பா."

"வித்தா? மொற மொறதான்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணன் விற்று, பயிர் அழிந்து, அந்த ஏக்கரில் முள் மண்டிக் கிடந்த அத்தனை மாதமும், தங்கராசு தன் முறை நாளில் மட்டும்தான் மோட்டார் போட்டிருக்கிறார். முடிந்ததும் கல்லை அந்தப் பக்கம் வைத்திருக்கிறார். மறுநாள் கிணறு சும்மா நிறைந்து கிடந்திருக்கிறது. அதற்கடுத்த நாள் அவரே கல்லைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

"வெங்காயம் வாடுது, இந்த மனுசன் மொற பாக்குறாரு," என்றாள் மலர்க்கொடி. "நான் திட்டாத திட்டில்ல. மண்டையில ஏறுனாத்தான."

தங்கராசு பொக்லைனைப் பார்த்தபடி நின்றார். செல்லமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கயல் தண்ணீர்த் தொட்டியின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"பெரியப்பா, கெணறு இல்லன்னா சித்தப்பா காடு என்ன வெல போகும்?"

பாதிக்கும் கீழே என்றேன். அவளுக்கு அது தெரியும். வேறு ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது போலிருக்கிறது.

செல்லமுத்து எங்கள் பக்கம் வந்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க இவகிட்ட. பரீட்ச போச்சுன்னா போனதுதான். நான் இன்னொரு ஏக்கருக்கு எங்க போவேன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். தரகனுக்குக் கூலி கொடுப்பது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். மற்றதெல்லாம் வழி காட்டுவது, டீ வாங்கிக் கொடுப்பது. எனக்குள் என்ன ஓடியது என்றால், எல்லாம் ஓடியது. செக் திரும்பினால்? போரில் வெறும் புழுதி வந்தால்? கையெழுத்துப் போடாவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவாள்? போட்டால் அந்த வெங்காயம்? எந்தப் பயம் உண்மை, எது மீன் தொட்டி என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"எனக்கு பயமா இருக்கு," என்றேன். "எதுக்குன்னு சொல்லத் தெரியல."

மேனேஜர் வாய் விட்டுச் சிரித்தார். பெரியவர் வழக்கம்போல என்றார். செல்லமுத்து திரும்பிக்கொண்டார். அவ்வளவு வருடத் தொழிலில் நான் அந்த இடத்துக்குக் கொண்டு வந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

கயல் எழுந்தாள். காகிதத்தின் பக்கம் போகவில்லை. சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"போடாதீங்க சித்தப்பா."

மேனேஜர் அவளை யோசிக்கச் சொன்னார். இந்தச் செக் நாளைக்கு இருக்காது என்றார். மிரட்டுகிற மாதிரி இல்லை, நல்லதுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"நான் போட்ட கணக்குல அவரு தண்ணிக்கு வெலையே போடல சார்," என்றாள் கயல். "ரோட்டுக்குப் போட்டேன், பூங்காவுக்குப் போட்டேன், ஒங்க லாபத்துக்குக்கூடப் போட்டேன். அதப் போட்டிருந்தா நாங்க இந்த வெலைக்கு வந்திருக்கவே மாட்டோம்."

அவள் அழவில்லை. டீக்கடையில் சொல்வதுபோல் திமிராகவும் பேசவில்லை. வகுப்பில் ஒரு வரியை அடித்துத் திருத்துகிற மாதிரி சொன்னாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

பொக்லைன்காரர் மேலே இருந்து, "சார், நான் கெளம்பட்டுங்களா? அடுத்து செந்துறைல ஒரு வேல நிக்குது," என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை வேறு விதமாக எழுதியிருப்பேன். ஒரு பெண் சரியானதைச் செய்தாள், கொஞ்சம் கஷ்டப்பட்டாள், பிறகு நல்லது நடந்தது என்று நீங்களும் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

பரீட்சை போனது. திருச்சிக்காரர்கள் வரைபடத்தை மாற்றி, பின்னால் இருந்த நாலு ஏக்கருக்கு வேறு பக்கம் வழி வாங்கி, அதற்கு மட்டும் அப்ரூவல் பெற்றார்கள். செல்லமுத்துவின் ஏக்கரை அப்படியே போட்டுவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது என்ன? இந்த நிலத்துக்கு அப்ரூவல் வந்த பதினைந்தாம் நாள். இந்த நிலத்துக்கு அப்ரூவல் வரவில்லை. ஆகையால் பாக்கி இல்லை. கயல் கேட்டு வாங்கிய வரி அது. ஒன்பது லட்சத்துக்கு ஒரு ஏக்கர் அவர்களுடையது ஆகிவிட்டது. பெரம்பலூரில் இரண்டு வக்கீல்களிடம் போனோம். இரண்டு பேரும் அந்த வரியைப் படித்துவிட்டு, யாரு எழுதினது, நல்லா எழுதியிருக்காங்களே என்றார்கள். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு ஏக்கர் மனைக்கு எந்நேரமும் தண்ணீர் என்று விளம்பரம் செய்து ஆழமாக இரண்டு போர் இறக்கினார்கள். அடுத்த சித்திரையில் கிணறு வற்றியது. அடியில் சேறு, பிறகு சேறும் காய்ந்தது. தங்கராசு இப்போது அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்கு மூட்டை ஏற்றப் போகிறார். மலர்க்கொடி நூறு நாள் வேலைக்குப் போகிறாள். எந்தத் தண்ணீருக்காக அந்தப் பெண் படிப்பை விட்டாளோ அந்தத் தண்ணீர் ஒரு கோடைக்குத் தாங்கவில்லை. போர்கள் வேறு ஆளின் நிலத்தில், சட்டப்படி, அனுமதியோடு போடப்பட்டவை. யாரைப் போய்க் கேட்பது? அண்ணனும் தம்பியும் இன்னும் பேசவில்லை. பேச இப்போது முறையும் இல்லை.

கயலைப் போன மாசி மாதத்தில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். லாரிப் புழுதியில் முழுக்க வெளுத்துப்போன ஒரு வேப்ப மரத்தடியில், கையில் மனை விளம்பரக் கட்டோடு நின்றாள். ஒரு மனை ஆபீசில் வேலை. பார்ட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இடம் காட்டுகிறாள். இவ்வளவு விலைக்கு மேல் போகாதீர்கள் என்று முதலாளிக்குக் கணக்கும் போட்டுக் கொடுக்கிறாளாம்.

"படிச்சு முடிச்சிருந்தாலும் இதேதான் செஞ்சிருப்பேன் பெரியப்பா," என்றாள். "சம்பளம் கொஞ்சம் கூட வந்திருக்கும். ஏசில ஒக்காந்திருப்பேன்."

வேலைக்குப் போகிற இடங்களில் கிணறு இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே வேறு ஒன்று கேட்டாள். அந்தச் செக் பாஸாகியிருக்குமா?

"ஆயிருக்காதும்மா," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது பெரியப்பா," என்று சொல்லிவிட்டு, வேன் வந்ததும் ஏறிப் போனாள்.

எனக்கு உண்மையிலேயே தெரியாது. பாஸாகியிருந்தால் அவள் இன்று உங்களில் ஒருத்தியாக, உங்களுக்கு மேலே ஒரு மேசையில் இருந்திருப்பாள். கிணறு எப்படியும் வற்றியிருக்கும். பாஸாகாமல் இருந்திருந்தால் கையெழுத்தும் போய், கிணறும் போய், தங்கராசு முகத்தில் அவள் விழிக்க முடியாமல் போயிருக்கும். நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வருகிறேன். வீட்டில் என் மனைவி, பூட்டினோமா என்று பார்க்க பாதி வழியில் திரும்புகிற ஆள்தானே நீங்கள் என்கிறாள். இந்தப் பூட்டைப் பார்க்க எங்கே திரும்புவது?

உங்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. கழித்து, மிச்சத்தைப் பார்ப்பது நல்ல கணக்குத்தான். அதைக் குறை சொல்ல எனக்குப் படிப்பில்லை. எதையெல்லாம் கழிக்கிறோம் என்று எழுதுகிறீர்களே, அந்தப் பட்டியலை முடிப்பதற்கு முன்னால், நிலத்துக்காரருடைய பங்காளி வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் கண்டிப்பாகப் போங்கள். பயந்தால், எதற்கென்று பிரித்து வைத்துக்கொண்டு பயப்படுங்கள். இதைக் கயல் செய்திருந்தால், நான் செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். பதினாறு லட்சத்துக்கு விற்றிருந்தாலும் அந்தக் கிணறு வற்றியிருக்கும்.

மாதம் ஒரு தடவை திருச்சி ஆபீசுக்குப் போகிறேன். செல்லமுத்து வருவதில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சார் வெளியே போயிருக்கிறார் என்பாள். மீன் தொட்டி உடையாமல் அப்படியே இருக்கிறது. மேனேஜர் எப்போதாவது மனம் இரங்கி, பிச்சை போடுகிற மாதிரி, ஐயாயிரம் பத்தாயிரம் என்று கொடுத்தனுப்புவார். இதுவரை அப்படி வந்தது அறுபதாயிரம். அதைச் செல்லமுத்து கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவர்கள் பாக்கி என்று ஒத்துக்கொள்வதில்லை. நான் ஒத்துக்கொள்கிறேன். பதிமூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.